கொத்தமல்லியும் நார்த்தைத் தோலும்: பெல்ஜியக் கோதுமை பியரைச் செட்டிநாட்டு அடுக்களையில் காய்ச்சும் முறை

பெல்ஜியத்தின் வெண்ணிறக் கோதுமை பியரில், மற்ற பியர்களில் பெரும்பாலும் சேராத இரண்டு சரக்குகள் உண்டு: கொத்தமல்லி விதை, கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோல். காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டு அடுக்களையிலும் முதலாவது டப்பா டப்பாவாக இருக்கும். இரண்டாவதற்கு ஈடு கொடுக்க நார்த்தங்காய் இருக்கிறது. கோதுமை ரவை மளிகைக் கடையில் கிடைக்கும், உமி அரிசி ஆலையில் கிடைக்கும். கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவும், சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்டும் மட்டும் நமக்கு அந்நியம். அவற்றில் ஹாப்ஸ் இந்த பியருக்குப் பெயரளவில்தான் தேவை.

ஈஸ்ட் விஷயத்தில் சட்டம் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பியரும் மதுதான். வீட்டில் நான் மட்டும் குடிப்பதற்கு என்பது அங்கே செல்லுபடியாகாது. ஆகவே இந்த வழிகாட்டி பாதிவரை ஒரே பாதையாகச் சென்று, பிறகு இரண்டாகப் பிரிகிறது. மால்ட் செய்வது, அதாவது தானியத்தை முளைகட்டிக் காயவைப்பது, பிறகு ஊறவைப்பது, வடிப்பது, மல்லி போட்டுக் கொதிக்கவைப்பது எல்லாம் சமையல், யாரும் செய்யலாம். அதன்பின் ஊரில் இருப்பவர்களுக்குச் சோடா வழி, கடல் கடந்து சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு ஈஸ்ட் வழி. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பியருக்கு உரிமம் தேவையில்லை. செட்டிநாட்டில் பிள்ளையோ பேரனோ வெளிநாட்டில் இல்லாத வீடு அரிது என்பதால் இரண்டு வழியையும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் ஈஸ்ட் வழியில் காய்ச்சியவன், ஊர் திரும்பிய பிறகு சோடா வழிக்கு மாறியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இந்தப் பானத்தின் குணத்தில் பெரும்பகுதி ஈஸ்ட் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இந்த பியர் ஒரு முறை செத்துப் பிழைத்தது. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் பிரபாண்ட் மாகாணத்தில் ஹூகார்டன் என்ற ஊர் இதற்குப் பேர்பெற்றது. 1950களில் அங்கே கடைசி ஆலையும் மூடப்பட்டது. அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, இளமையில் அங்கே கைவேலை செய்த பியேர் செலிஸ் என்ற பால்காரர், 1960களின் நடுவில் பழைய முறையை நினைவிலிருந்து மீட்டுக் காய்ச்சத் தொடங்கினார். 1985-இல் அவருடைய ஆலை தீப்பிடித்தது. மீண்டும் கட்டப் பெரிய நிறுவனத்தின் பணம் வந்தது, பிறகு பிடியும் அவர்களிடம் போனது. அவர் அமெரிக்காவின் டெக்சாஸ் போய், 1992-இல் ஆஸ்டின் நகரில் தம் பெயரிலேயே ஒரு ஆலை திறந்தார். இன்று உலகெங்கும் காய்ச்சப்படும் 'விட்பியர்' என்னும் இந்த வெள்ளை பியர்களுக்கு அந்தப் பால்காரர்தான் மூலவர். கசப்பு ஆரஞ்சுத் தோல், டச்சுக்காரர்கள் ஆண்ட கரீபியத் தீவான குராசோவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைத் தங்கள் பலகாரமாக்கிக்கொண்ட நம்மவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

சரக்கும் சாமானும்

பத்து லிட்டருக்கான கணக்கு இது:

மால்ட் – 1.2 கிலோ
முளைகட்டாத கோதுமை, ரவையாக – 900 கிராம்
ஓட்ஸ் – 200 கிராம்
உமி – இரண்டு கைப்பிடி
கொத்தமல்லி விதை – 8 முதல் 10 கிராம்
நார்த்தங்காய்த் தோலின் வெளிப்பகுதி – 10 கிராம்
ஹாப்ஸ் – 12 கிராம் (ஈஸ்ட் வழிக்கு மட்டும்)

பெல்ஜியத்தில் மால்ட் என்றால் வெளிறிய பார்லி மால்ட். சிங்கப்பூரிலும் லண்டனிலும் 'பில்ஸ்னர் மால்ட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊரில் இருப்பவர்கள் கோதுமையையே முளைகட்டி மால்ட் ஆக்கிக்கொள்ளலாம். மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கோதுமை மால்ட்டில் தாராளமாக உண்டு. முளைகட்டாத ரவையின் மாவுச்சத்தையும் சேர்த்து உடைத்துவிடும். மளிகைக் கடையில் கஞ்சிக்கு விற்கும் வெள்ளைப் பார்லியை வாங்கிவந்து முளைகட்ட முயலாதீர்கள். அது தோல் தீட்டப்பட்டது; எத்தனை நாள் ஊறினாலும் முளைக்காது.

பாத்திரத்துக்குச் செட்டிநாட்டில் பஞ்சமே இல்லை. கல்யாணச் சமையலுக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் அண்டா ஒன்று போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய இனாமல் பாத்திரங்களும் அழகானவை. ஆனால் உள்பக்கம் பூச்சு பெயர்ந்திருந்தால் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம். இந்தச் சாறு புளிப்புத் தன்மை உடையது. சமையலுக்கான வெப்பமானி கட்டாயம் வேண்டும். விரலை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் திறமை பாலுக்குத் தயிர் உறை ஊற்ற உதவும், இங்கே உதவாது. வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு தராசு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய, புளிப்புத் தன்மையை அளக்கும் பிஹெச் தாள், மருந்துக் கடை அயோடின் கரைசல் ஆகியவையும் இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்று நீரைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்: குடிக்க ருசியாக இருக்கும் தண்ணீரே இதற்கும் நல்லது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் தானியத்தின் சுவையைத் தடிப்பாக்கிவிடும். குளோரின் வாடை வரும் குழாய்நீர் என்றால் முந்தின இரவே அண்டாவில் பிடித்துத் திறந்து வையுங்கள். குளோரின் தங்கினால் கடைசியில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்.

கோதுமையை மால்ட் ஆக்குதல்

கடையில் மால்ட் வாங்கக்கூடியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் பருவம். குளிர்நாட்டுக்காரர்கள் 15 முதல் 20 டிகிரியில் முளைகட்டுகிறார்கள். நமக்கு அது வாய்க்காது. மார்கழி, தை மாதங்கள்தான் ஓரளவு அருகே வரும். இரவு குளிர்ந்திருக்கும், பகலில் காயவைக்க வெயிலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முளை நன்றாக வரும், காயவைக்க வெயில் வராது, பூஞ்சணம் பிடிக்கும். சித்திரை வெயிலில் முளை வருவதற்குள் கோதுமை புளித்துவிடும்.

கோதுமையை வாங்கும்போது சப்பாத்தி மாவுக்காக விற்கும் முழுக் கோதுமையாக, அந்த ஆண்டு அறுவடையாகப் பார்த்து வாங்குங்கள். விதைக்கென்று விற்பது வேண்டாம், பூச்சிமருந்து கலந்திருப்பார்கள். மொத்தமாக ஊறவைக்கும் முன் 100 மணி எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். 95-க்குக் குறைவாக முளைத்தால் அந்தக் கோதுமை சப்பாத்திக்குப் போகட்டும். முளைக்காத மணிதான் முதலில் பூஞ்சணம் பிடித்து மற்றதையும் கெடுக்கும்.

ஒன்றரை கிலோ கோதுமையைக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி, எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். நீரை இறுத்து, எட்டு மணி நேரம் அப்படியே காற்றாட விடுங்கள். பிறகு புதுநீரில் மறுபடி எட்டு மணி நேரம். இடையில் காற்று காட்டுவது முக்கியம். விதை மூச்சுவிட வேண்டும். ஒரேயடியாக நீருக்குள் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். நுனியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது ஈரத்துணியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எந்நேரமும் குளிர்ந்திருக்கும். வளவின் நிழலான மூலை இதற்காகவே கட்டியதுபோல் அமையும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கையால் புரட்டிவிடுங்கள், காய்ந்தால் நீர் தெளியுங்கள். முளைக்கும் தானியம் தானே சூடாகும். புரட்டாமல் விட்டால் நடுவில் வெந்துபோகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைப்பக்குவம். வெளியே தெரியும் வேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இரண்டாம் நாளே மணியைவிட நீளமாகிவிடும். பார்க்கவேண்டியது முளைத்தண்டு. மணியின் முதுகுப்பக்கம் மெல்லிய தோலுக்கு அடியில் அது ஓடுவது தெரியும். மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்கு அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாளில் அந்த நிலை வரும். ஒரு மணியை விரலால் நசுக்கினால் உள்ளே இருப்பது சுண்ணாம்பு மாவாகக் குழையவேண்டும். நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் அரை நாள் பொறுங்கள். தண்டு பச்சையாக வெளியே நீண்டுவிட்டால் மாவுச்சத்தை முளையே தின்றுவிட்டது என்று பொருள்.

பிறகு காயவைத்தல். முற்றத்தில் வற்றல் காயும் இடத்தில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு நாள் நல்ல வெயிலில், கடித்தால் மொறுக்கென்று உடையும்வரை காயட்டும். ஆச்சிமார் கேழ்வரகு மால்ட்டுக்கு வாசனை வர வறுப்பார்கள்; அந்தப் பழக்கத்தில் இதையும் வாணலியில் போட்டுவிட அவர்கள் கை துடிக்கும். விடாதீர்கள். ஈரம் இருக்கும்போது 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் நமக்குத் தேவையான நொதிகள் அழிந்துவிடும். அவை அழிந்தால் கடைசியில் கிடைப்பது கோதுமைக் கஞ்சி. காய்ந்ததைத் துணியில் கட்டித் தேய்த்து முறத்தில் புடைத்தால் வேர்கள் உதிர்ந்துவிடும். வேரை அப்படியே விட்டால் கசக்கும். கையில் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ மால்ட் நிற்கும்.

சுடுநீரில் ஊறவைத்தல்

மால்ட்டைத் திரிகையில் போட்டு உடையுங்கள். ஒவ்வொரு மணியும் நாலைந்து துண்டாக வேண்டும், அவ்வளவுதான். மாவு மில்லில் கொடுத்தால் நைசாக அரைத்துத் தந்துவிடுவார்கள், பிறகு வடியவே வடியாது. உடைத்த மால்ட், கோதுமை ரவை, ஓட்ஸ், இரண்டு மூன்று முறை அலசிய உமி எல்லாவற்றையும் உலர்ந்த நிலையிலேயே கலந்துகொள்ளுங்கள்.

உமி எதற்கு என்றால், பார்லிக்கு உமி உண்டு, கோதுமைக்குக் கிடையாது. உமி இல்லாத தானியம் பசையாகப் படிந்து வடிதுணியை அடைத்துவிடும். கோதுமை பியர் காய்ச்சும் மேல்நாட்டுக்காரர்கள் நெல் உமியைப் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு அரிசி ஆலையில் மூட்டையாகவே தருவார்கள்.

அண்டாவில் ஏழு லிட்டர் நீரை 53 டிகிரிக்குச் சூடாக்கி, தானியத்தைக் கட்டிதட்டாமல் தூவிக் கிண்டுங்கள். கலவை 50 டிகிரி அளவில் வந்து நிற்கும். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும்; முளைகட்டாத கோதுமையின் பிசுபிசுப்பு இந்த நேரத்தில் கொஞ்சம் தளரும். பிஹெச் தாள் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் காட்டவேண்டும். கூடுதலாக இருந்தால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுச் சரிக்கட்டுங்கள்.

அடுத்த சூடு எது என்பது உங்கள் வழியைப் பொறுத்தது. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இரண்டு. ஒன்று 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சர்க்கரையாக நறுக்கும். மற்றது 70 டிகிரியை ஒட்டி வேலை செய்து, நீளத் துண்டுகளாக வெட்டும். அவற்றில் இனிப்பு குறைவு, வாயில் கனம் அதிகம். ஆகவே ஈஸ்ட் வழிக்காரர்கள் மெல்லிய தீயில் கிண்டியபடியே 65 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். சோடா வழிக்காரர்கள் 72 டிகிரிக்கு ஏற்றி முக்கால் மணி நேரம் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பானம் திகட்டும். சூடேற்றும் நேரமெல்லாம் அடிப்பிடிக்காமல் கிண்டுவது அவசியம். தீயை அணைத்ததும் மூடி, பழைய கம்பளியால் சுற்றிவிட்டால் சூடு இறங்காது.

முடியும் தறுவாயில் ஒரு ஸ்பூன் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு ஆறியதும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மீதம் இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம். அயோடினின் பழுப்பு நிறம் மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. சோதித்த சாற்றைக் கீழே கொட்டிவிடுங்கள், அண்டாவில் திரும்ப ஊற்றவேண்டாம். கரண்டியால் சாற்றை ருசித்தும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் வெறும் ரவைத் தண்ணீராக இருந்தது, சர்க்கரை துளியும் சேர்க்காமல் தித்திக்கும்.

வடிப்பதை அதிகம் விளக்கத் தேவையில்லை. அகன்ற சல்லடைத் தட்டில் துணி விரித்து, கலவையை ஊற்றி, தானாக வடிய விடுங்கள். முதலில் வரும் கலங்கிய சாற்றை மறுபடி மேலே ஊற்றுங்கள். படிந்த தானியமே வடிகட்டியாகிவிடும். பிறகு 75 டிகிரி சுடுநீர் ஏழரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சக்கையில் தங்கிய இனிப்பைக் கழுவி எடுங்கள். 80 டிகிரியைத் தாண்டிய நீர் உமியின் துவர்ப்பையும் சேர்த்து இழுத்து வரும். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். கையில் பன்னிரண்டு லிட்டர் சாறு நிற்கவேண்டும்.

கொதி, மல்லி, நார்த்தை

மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெளிறிய மால்ட்டில், வெயிலில் காய்ந்ததில் இன்னும் அதிகமாக, வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை தரும் பொருள் ஒன்று உண்டு. அது ஆவியோடு வெளியேற வழிவிடவேண்டும். முதல் கொதியில் நுரை பொங்கும், அடுப்பை விட்டு நகராதீர்கள். ஈஸ்ட் வழிக்காரர்கள் இந்த நேரத்தில் ஹாப்ஸைப் போடலாம். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் நாலு சதவீதம் உள்ள 'சாஸ்' போன்ற மென்மையான வகை 12 கிராம் போதும். இந்த பியரில் ஹாப்ஸ் இருப்பது நாக்குக்குத் தெரியவே கூடாது.

இனி மல்லி. கடையில் பொடியாக விற்பதைத் தொடவேண்டாம். மேல்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் மொராக்கோ மல்லி உருண்டையாக இருக்கும், அதில் கீரைத்தண்டு வாடை தூக்கலாக அடிக்கும். நம் நாட்டு மல்லி சற்று நீள்வட்டம், எலுமிச்சை சாயல் கூடிய மணம். வெளிநாட்டில் காய்ச்சுகிற விவரமானவர்கள் இந்திய மளிகைக் கடையைத் தேடிப்போய் மல்லி வாங்குவது இதனால்தான். ஊரிலிருந்து கிளம்பும்போது மிளகாய்ப்பொடி மூட்டையோடு கால் கிலோ மல்லியும் கட்டிக்கொள்ளுங்கள்.

நம் சமையல் கையை இங்கே அடக்கவேண்டும். செட்டிநாட்டு மசாலாவுக்கு மல்லியை வறுப்போம். வறுத்தால் மணம் ஆழமாகும், ஆனால் அது குழம்பின் மணம். இதற்குத் தேவை வறுபடாத மல்லி விதையின் பூ வாசனை. ஆகவே வறுக்காமல், அம்மியில் வைத்துக் குழவியை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். ஒவ்வொரு விதையும் இரண்டாகப் பிளந்தால் போதும். உடைத்த கையோடு அண்டாவில் போகவேண்டும், அதுவும் அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. மணத்தைத் தருகிற லினலூல் என்னும் எண்ணெய்ப்பொருள் எளிதில் ஆவியாகிவிடும். அளவிலும் கஞ்சத்தனம் காட்டுங்கள். 10 லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டினால் பானம் ரசத்தின் சாயலுக்குப் போய்விடும். குடிப்பவர் 'மல்லி போட்டிருக்கிறதா?' என்று கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது, 'இதென்ன வாசனை?' என்று கேட்டால் சரி.

நார்த்தங்காய் நன்கு முற்றி மஞ்சள் பாய்ந்ததாக இருக்கட்டும். பச்சைக்காயின் தோல் ஊறுகாய்க்கு உகந்தது, இங்கே காரமாக நிற்கும். கத்தியால் வெளித்தோலை மட்டும் சீவி, மல்லியோடு சேர்த்துப் போடுங்கள். அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சுதான் கசப்பு. ஹாப்ஸ் போடாத சோடா வழிக்காரர்கள் அந்த வெள்ளையில் சிறிது ஒட்டிவரும்படி சீவினால், தித்திப்பைச் சமன்செய்ய ஒரு மெல்லிய கசப்பு கிடைக்கும். காயவைத்த தோல் என்றால் பாதி அளவு போதும். உப்பில் ஊறிய நார்த்தையைத் தண்ணீரில் அலசிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். வேண்டாம். கிடாரங்காயும் ஆகும், மணம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். கமலா ஆரஞ்சின் தோல் வெறும் இனிப்பு மணம் தருவதோடு நின்றுவிடுகிறது.

அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால், வெளிறிய வைக்கோல் நிறத்தில், கலங்கலாக, ஏறத்தாழ பத்து லிட்டர் சாறு. கலங்கலைப் பார்த்து முகம் சுளிக்கவேண்டாம். கோதுமையின் புரதமும் மாவுச்சத்தும்தான் அது, பியருக்கு 'வெள்ளை' என்ற பெயரே அதனால் வந்தது.

சோடா வழி

இந்த வழிக்குத் தானியம், நீர் எல்லாவற்றையும் பாதியாக்கி ஐந்து லிட்டர் சாறு எடுத்தால் ஒரு பெரிய குடும்பத்துக்குப் போதும். மல்லியையும் தோலையும் மட்டும் பாதியாக்காதீர்கள். சோடா கலக்கும்போது மணமும் பாதியாகும் என்பதால் முழு அளவையே போடவேண்டும்.

சாற்றை அண்டாவோடு குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கி ஆறவையுங்கள். ஆறியதும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி நார்த்தங்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். ஈஸ்ட் கொடுக்கும் லேசான புளிப்புக்கு இது ஈடு. கொதிநீரில் கழுவிய பாட்டில்களில் ஊற்றி உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் உறையவைத்துக் கட்டிகளாக எடுத்து வையுங்கள்.

வெளியே வைக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரையும் சத்தும் நிறைந்த சாறு இது. காற்றில் திரியும் ஈஸ்ட் நம் ஊர் வெப்பத்தில் இரண்டொரு நாளில் குடியேறிவிடும். மூடிய பாட்டில் வெடிக்கும், உள்ளே இருப்பதும் சட்டம் தடுக்கும் பொருளாகிவிடும். நொதித்த வாடையோ குமிழியோ தெரிந்தால் சாக்கடையில் கொட்டுங்கள்.

குடிக்கும்போது கண்ணாடிக் குவளையில் முதலில் பாதிக்குச் சாறு, அதன்மேல் நன்கு குளிர்ந்த சோடாவைச் சாய்த்து மெதுவாக. கோதுமைப் புரதம் இருப்பதால் நுரை வெண்மையாக எழும்பிச் சற்று நேரம் நிற்கும். கோலி சோடாவில் கலந்தாலும் நன்று, ஆனால் இனிப்பில்லாத சோடாவாக இருக்கவேண்டும். பிள்ளைகளும் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் ஏமாறக்கூடாது: மால்ட் சர்க்கரை இரத்தத்தில் வேகமாக ஏறும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டு வழியுமே ஆகாது.

ஈஸ்ட் வழி

சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும். இங்கிருந்து சாற்றைத் தொடும் எல்லாமே கிருமிநீக்கக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். சுத்தம் ஒன்றுதான் இந்தப் பகுதியின் முக்கால் பங்கு வேலை. சாற்றை ஐஸ் நீரில் இறக்கி விரைவாக 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.048-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். 20 டிகிரிக்கென்று அளவிட்ட கருவியை 30 டிகிரிச் சாற்றில் விட்டால், காட்டும் எண்ணோடு 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ளுங்கள்.

உணவுத்தர வாளியில் ஊற்றி, காற்று கலக்க நன்றாகக் குலுக்கி, பெல்ஜிய 'விட்' ஈஸ்ட் பொட்டலத்தில் பாதிக்குச் சற்று கூடுதலாக, ஆறேழு கிராம் தூவி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்தி மூடுங்கள். முதல் மூன்று நாள் 20 டிகிரியை ஒட்டி, பிறகு 24 வரை தானாக ஏறவிடலாம். இந்த ஈஸ்ட் கிராம்பு வாசனையும் பழ வாசனையும் தரும். முதல் நாட்களில் சூடு மிஞ்சினால் பெயின்ட் கடை நாற்றம் வரும். சிங்கப்பூர் வீட்டில் குளிர்சாதனம் ஓடாத அறை என்றால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உறைந்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடவேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நார்வேப் பண்ணைகளில் வழிவழியாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்டில் 'வோஸ்' என்ற வகை உண்டு. 35 டிகிரிக்கு மேலும் சளைக்காமல் வேலை செய்யும், ஆரஞ்சு மணமும் தரும். கிராம்பு வாசனை வராது என்பதுதான் குறை. வெப்பநாட்டுக்கு அது நல்ல பேரம் என்பது என் கட்சி.

பத்து நாள் கழித்து அளந்து, மூன்று நாள் விட்டு மறுபடி அளந்து, இரண்டு முறையும் 1.010-ஐ ஒட்டி ஒரே எண் நின்றால் நொதித்தல் முடிந்தது. ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். எண் இறங்கிக்கொண்டே இருக்கும்போது பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்து, கனத்த பியர் பாட்டில்களில், கழுத்தில் இரண்டு விரல் இடம்விட்டு அடையுங்கள். இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வைத்தால் வாயு ஏறிவிடும். இந்த பியர் வைக்க வைக்க மெருகேறும் சாதி இல்லை. மல்லியின் மணம் முதலில் போய்விடும், ஆகவே இரண்டு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

ஊற்றும்போது பாட்டிலில் முக்கால் பங்கை முதலில் ஊற்றி, மீதியைச் சுழற்றி அடிவண்டலைக் கலக்கி அதையும் சேர்த்து ஊற்றுவது முறை. மேலே எலுமிச்சை வட்டம் செருகுவது விடுதிக்காரர்கள் பழக்கிய அலங்காரம். அதன் எண்ணெயும் புளிப்பும் நுரையைக் கொன்றுவிடும். நார்த்தை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலான கோழி வறுவலைவிட, காரம் அடங்கிய நண்டோ இறாலோ பொருத்தம். சோடா வழிப் பானத்துக்கு மசால் சீயம் நன்றாகச் சேரும்.

சக்கையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் வைக்காதீர்கள், பொழுது விடிவதற்குள் புளித்து வாடையடிக்கும். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்கு அன்றே கொடுத்துவிட்டால் பாத்திரம் காலியாகித் திரும்பி வரும்.